என் முதுகு நடித்த படம்

அந்த ஈயைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், களஞ்சியங்களுக்குப் பின்னால் ஒரு வெற்று நிலம். அதன் நடுவில் கைப்பிடி உடைந்த ஒரு கதிரை. கதிரையில் தம்பிராசா. அவருக்கு ஆறடி முன்னால், மூன்று காலில் நிற்கும் கமரா. ஈ எங்கிருந்தோ வந்து அவருடைய மேலுதட்டில் இருந்தது. பிறகு மூக்கு நுனிக்கு ஏறி, அங்கே நின்று கைகளைத் தேய்த்தது. பிறகு இடது கண்ணின் ஓரத்துக்கு நடந்து போனது.

தம்பிராசா அசையவில்லை. ஒருமுறை இமைத்தார். அதுவும் ஈக்காக அல்ல, இமைக்கவேண்டிய நேரம் வந்ததால் இமைத்ததுபோல.

கமராவுக்குப் பின்னால் வெள்ளைக்காரக் கப்டன் கையில் மணிக்கூட்டோடு நின்றார். சுற்றி நாங்கள் பதினொரு பேர். கதிரையில் இருப்பவரைச் சிரிக்க வைப்பது எங்கள் வேலை. ஒருவன் கழுதை மாதிரிக் கத்தினான். இன்னொருவன் சாரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண் நடை நடந்தான். நான் ஒன்றும் செய்யவில்லை. ஈயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈ என்னுடைய ஆள் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நிமிடம் முடிந்தது. கப்டன் தொப்பியைக் கழற்றினார். "இவர்தான்" என்றார். ஈயும் எழுந்து போய்விட்டது.

எனக்குக் கிடைத்த விமர்சனம்

அதே கதிரையில் அன்று முதலாவதாக இருந்தவன் நான்.

இருக்கவேண்டியவனும் நான்தான். காளி கோயில் முன்றலில் ஐந்து திருவிழாவுக்கு இராசபார்ட் போட்டிருந்தேன். சந்தையில் "இராசா வாறார்" என்று சொல்லி வழி விடுவார்கள். படத்தில் நடிக்க ஆள் தேவை என்று நாங்கள் வேலை செய்த கடற்படைக் கந்தோரில் அறிவித்தபோது, எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நானும் மனதுக்குள் என்னைத்தான் பார்த்தேன்.

மேடையில் சிரிப்பை அடக்க எனக்கு மூன்று வழிகள் தெரியும். கன்னத்தின் உட்பக்கத்தைக் கடிப்பது ஒன்று. கால் பெருவிரலை நிலத்தில் ஊன்றுவது மற்றது. இரண்டும் தவறினால் வாளை உருவிவிடவேண்டும். சனம் வாளைப் பார்க்கும், வாயைப் பார்க்காது.

கதிரையில் வாள் இல்லை. என்றாலும் நான் சிரிக்கவில்லை. இரண்டு நிமிடமும் கல் மாதிரி இருந்தேன். இறங்கி வரும்போது படப்பிரிவின் மொழிபெயர்ப்பாளர் சுந்தரம் என்னிடம் வந்தார். மதராஸ்காரர், நல்ல மனிதர், எப்போதும் கையில் ஒரு துவாயோடு வியர்வையைத் துடைத்தபடி இருப்பார்.

"கப்டன் என்ன சொல்றார்னா சார், நீங்க சிரிக்கலை. ஆனா சிரிக்காம இருக்கிறீங்கன்னு தெரியுதாம்."

பிறகு நான் முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தேன். விமர்சனங்கள் எழுதினேன், திருத்தினேன், வெட்டினேன். இதைவிடச் சுருக்கமான, இதைவிடச் சரியான ஒன்றை நான் படித்ததில்லை. அன்று அது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பிராசா என்னோடு கடற்படை இறங்குதுறையில் வேலை செய்தவர். பாரப் படகுகளிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கணக்குக் கொப்பியில் கோடு போடுவது அவர் வேலை. காதில் பென்சில், கையில் நீண்ட கொப்பி. நாங்கள் ஒரே வயது. மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவோம். ஊரில் அவருக்குச் 'சிரிக்காத தம்பிராசா' என்று பெயர்.

நாடகம் என்றால் அந்தப் பக்கமே வரமாட்டார். ஒரே ஒருமுறை வந்தார். அன்று நான் மகனைப் பறிகொடுத்த அரசனாக அழுது, சனமெல்லாம் மூக்கைச் சிந்தியது. மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நேற்று உம்மட கிரீடத்தில ஒரு கல்லு இல்லை. இடப்பக்கம், மூண்டாவது."

இந்த மனிதர்தான் நடிகர் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொறாமை என்ற சொல்லை நான் அப்போது பாவிக்கவில்லை. கப்டனுக்குக் கலை தெரியாது என்று சொல்லித் திரிந்தேன்.

மழை பெய்யாத ஊர்

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர், யுத்த காலத்தில் நான் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பிய செய்திகளைப் பழைய தாள்களில் தேடிப் பார்த்ததாகவும், ஒன்றிலும் ஒன்றும் இல்லையே என்றும் எழுதியிருக்கிறார்.

உண்மை. கந்தோர் வேலையோடு செய்திக் குறிப்பும் அனுப்பிவந்தேன். கப்பல் என்று எழுதக்கூடாது. படையாட்கள் என்று எழுதக்கூடாது. குண்டு விழுந்த இடத்தை எழுதக்கூடாது. ஒருமுறை 'கடும் மழை' என்று எழுதினேன். அதையும் தணிக்கைக்காரர் நீலப் பென்சிலால் அடித்துவிட்டார். எதிரி விமானத்துக்கு வானிலை தெரிந்துவிடுமாம். அந்த வருடங்களில் பத்திரிகையின்படி திருகோணமலையில் மழையே பெய்யவில்லை. திருவிழா நடந்தது. ஒரு மாடு கிணற்றில் விழுந்தது.

அந்தக் காலத்து மனநிலைதான் படத்துக்கும் காரணம். துறைமுகத்தில் கண்டதை வெளியில் சொல்லாதே என்று கரையோரச் சனத்துக்குச் சொல்ல, பத்து நிமிடப் படம். தமிழிலேயே பேசும் படம். கப்டன், கமராக்காரர், ஒலி பிடிக்கும் இயந்திரம் ஏற்றிய லொறி, சுந்தரம். வசனம் முழுவதும் சுந்தரம் எழுதியது.

படத்தில் முக்கியமான இடம் ஒன்றுதான். இறங்குதுறையில் ஓர் ஆள் வந்து, இன்றைக்கு எந்தக் கப்பல் வந்தது என்று வாயைக் கிண்டுவான். மூட்டை எண்ணுகிறவர் கமராவை நேரே பார்த்துப் பதில் சொல்லவேண்டும்: 'வெளியாரிடம் நான் பேசமாட்டேன். என் மனைவியிடம்கூடப் பேசமாட்டேன்.'

அந்த முகத்தை நம்பித்தான் கப்டன் படத்தையே எடுத்தார். நடிப்பதுபோல் இருந்தால் சனம் நம்பாது என்பது அவர் எண்ணம்.

ஒண்டு, இரண்டு, மூண்டு

தம்பிராசாவின் மனைவி பூமணி குடாவுக்கு அப்பால் உள்ள இலங்கைத்துறைப் பெண். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது அநேகமாக அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். தம்பிராசா உள்ளே ஏதோ பகிடி விட்டிருப்பார், முகத்தில் ஒன்றும் இருக்காது.

ஆனால் பகிடிக்கும் ஏச்சுக்கும் அவருக்கு ஒரே முகம். குரல் உயராது. மூட்டை எண்ணுவதுபோலக் குற்றங்களை எண்ணுவார்.

பங்குனிக் கடைசியில், வருசப் பிறப்புக்குச் சில நாள் இருக்க, காலையில் குண்டு விழுந்ததைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினோம். தம்பிராசாவும் பூமணியும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று தம்பிராசா நடுத்தெருவில் நின்றார்.

"ஒண்டு, கதவு பூட்டேல்ல. இரண்டு, திறப்பு குசினிக்க கிடக்கு. மூண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வாறாய், அதுக்குள்ள தண்ணியும் இல்லை."

ஏழு வரை எண்ணினார். குண்டுக்கு நிற்காத சனம் அதற்கு நின்றது. யாரோ சிரித்தும்விட்டார்கள். பூமணி குடத்தைத் தெருவில் வைத்தார். தகரப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் திரும்பி நடந்தார். தன் ஊருக்குப் போக மூதூர் லாஞ்சிப் படகில் ஏறினார்.

இரண்டு மூன்று மாதத்தில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பூமணி வரவில்லை.

மூதூர் லாஞ்சி ஓட்டும் மீராசாகிபு காக்காதான் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) இருவருக்கும் இடையில் தூது. தம்பிராசா ஒரு சேலை அனுப்பினார். சேலை அதே தாளில் திரும்பி வந்தது. கூடவே ஒரு சொல்லும் வந்தது. லாஞ்சி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் மீராசாகிபு காக்கா அதைக் கத்திச் சொன்னார். அதனால் இறங்குதுறை முழுவதும் கேட்டது.

"தெருவில நிண்டு பேசினவராம். இனிப் பேசமாட்டன் எண்டு நாலு பேருக்கு முன்னால தன்ர வாயால சொல்லட்டுமாம். சொன்னா அண்டைக்கே வாறாவாம்."

தம்பிராசா கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே "ஏலாது" என்றார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டைக் கடையில் இலையில் கட்டி வாங்கினார். அதில் பாதியைக் காகத்துக்குப் போட்டார். அந்த இலையை ஐந்து மாதம் எதிரிலிருந்து பார்த்தவன் நான்.

மூன்று எழுத்து

மதராஸ் தமிழில் பேச்சு என்றால் வாயால் சொல்வது. எங்களுக்கு அது கதை. 'அவரோடு கதைத்தேன்' என்போம். 'அவர் என்னைப் பேசினார்' என்றால் ஏசினார் என்றே கருத்து. பேச்சு வாங்கினேன் என்றால் வயிறு நிறைய வாங்கியது.

சுந்தரத்துக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. அதனால் வசனத்தை என்னிடம் தந்து, ஊர் வழக்குக்குத் திருத்தித் தரும்படி கேட்டார். பத்திரிகைக்கு எழுதுகிறவர் என்று கப்டனிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

'ஆமாம்' என்பதை 'ஓம்' ஆக்கினேன். 'நாற்காலி'யைக் 'கதிரை' ஆக்கினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே செய்யவேண்டிய திருத்தம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு 'பேசமாட்டேன்'களையும் 'கதைக்கமாட்டேன்' ஆக்கவேண்டும். அவ்வளவுதான்.

நான் அவற்றைத் தொடவில்லை. 'மனைவியிடம்கூட' என்பதில் 'யிடம்' என்ற மூன்று எழுத்தை அடித்தேன். மேலே 'யைக்' என்று எழுதினேன்.

'என் மனைவியைக்கூடப் பேசமாட்டேன்.' எங்கள் காதுக்கு அது 'ஏசமாட்டேன்'.

சுந்தரம் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே சார்" என்றார். எங்கள் ஊரில் இப்படித்தான் என்றேன். அது பொய்யில்லை.

என் கணக்கு எளிமையானது. நாலு பேருக்கு முன்னால் சொல்லமாட்டேன் என்றவர், நாற்பது பேருக்கு முன்னால் சொல்லமாட்டார். மறுப்பார். மறுத்தால் அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். வசனம் பாடமான ஆள் ஒருவன் பக்கத்தில் நிற்பான். ஒருவேளை சொல்லத் துணிந்தாலும், சுற்றி நிற்பவர்களின் சிரிப்பில் அந்த முகம் உடையும். அது உடைவதைப் பார்ப்பதே எனக்குப் போதும்.

அன்று பின்னேரம் தம்பிராசா தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"இதை நீரோ திருத்தினது?"

"ஓம். எங்கட வழக்குக்கு மாத்தச் சொன்னவை."

"எங்கட வழக்கில இதுக்கு என்ன கருத்து எண்டு உமக்குத் தெரியுமெல்லோ?"

"தெரியும். விருப்பமில்லாட்டி விடும். நான் சொல்லுறன்."

தாளை மறுபடி பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். படிக்க ஒன்றும் இல்லை.

"உம்மட கையெழுத்து வடிவு" என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

முதுகு

எனக்கும் ஒரு வேடம் கிடைத்தது. வாயைக் கிண்டும் ஆள். கமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். "உங்க முதுகு நல்லா இருக்காம் சார்" என்று சுந்தரம் ஆறுதல் சொன்னார்.

காலை பத்து மணி வெயில். இறங்குதுறையில் அரிசி மூட்டைகள். கயிறு கட்டி, அதற்கப்பால் வேலையாட்களை நிறுத்தியிருந்தார்கள். மீராசாகிபு காக்கா லாஞ்சியைக் கட்டிவிட்டு மேல்தட்டில் சம்மணம் கொட்டி இருந்தார். தம்பிராசா கொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து நின்றார். நான் அவருக்கு ஒரு கை எட்டும் தூரத்தில், கொஞ்சம் இடப்பக்கமாக.

நான் கேட்டேன். அவர் நிமிர்ந்து கமராவைப் பார்த்துச் சொன்னார்.

"வெளியாரிடம் நான் பேசமாட்டேன். என் மனைவியைக்கூடப் பேசமாட்டேன்."

 லாஞ்சியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கயிற்றுக்கு அப்பால் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கப்டன் கையைத் தூக்கி நிறுத்தினார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. சுந்தரத்தைக் கேட்டார். சுந்தரம் என்னைக் கேட்டார்.

'மனைவி' என்பது எங்கள் ஊரில் மேடைச்சொல், வீட்டில் பெண்சாதி என்போம், அதனால் சிரிக்கிறார்கள் என்றேன். முகத்தில் ஒரு நரம்பு அசையாமல் நான் சொன்ன மிகச் சிறந்த பொய் அது. கமரா அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் தரம் வேலையாட்கள் சால்வையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அப்படியும் ஒருவனுக்குத் தும்மல் மாதிரி வந்துவிட்டது. மூன்றாம் தரம் எல்லோரும் அமைதி. ஆனால் கப்டன் பிடிப்பதை நிறுத்திவிட்டார். என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

"சார், உங்க முதுகு சிரிக்குதாம்" என்றார் சுந்தரம்.

உண்மைதான். நான் சிரித்தது சந்தோசத்தில் அல்ல. இந்த முகம் இப்போது உடையும், இப்போது உடையும் என்று ஒவ்வொரு தரமும் காத்திருந்து, அது உடையாமல் அப்படியே வசனத்தைச் சொல்லி முடிக்கும்போது, எனக்குள் இருந்த ஏதோ ஒன்று உடைந்தது. தோள் தானாகக் குலுங்கியது. மேடையில் முன்பக்கத்தை மறைக்கும் வழிகளைத்தான் நான் படித்திருந்தேன். பின்பக்கத்தைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நாலாம் தரமும் தோள் குலுங்கியது. கப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. சுருளில் மிச்சம் இருப்பது இன்னும் ஒரு தரத்துக்குத்தான் காணும். இதுவும் பிழைத்தால் இந்த இடத்தையே வெட்டிவிட்டுப் பதிலாக ஒரு சுவரொட்டியைக் காட்டுவோம் என்றார். சுந்தரம் அதைத் தமிழில் சொன்னார்.

அப்போது தம்பிராசா என்னைப் பார்த்தார். நான்கு தரமும் கமராவை மட்டும் பார்த்தவர், இப்போதுதான் முதல் தரம் என்னைப் பார்த்தார். உதடு அதிகம் அசையவில்லை.

"இந்த ஒருக்கா. கன்னத்தைக் கடியும்."

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் கப்டனுக்காக நிற்கவில்லை. இறங்குதுறையில் நிற்கும் நாற்பது பேருக்காகவும் நிற்கவில்லை. கமராவுக்குப் பின்னால் கடல், அதற்குப் பின்னால் மூதூர், அதற்கும் தெற்கே இலங்கைத்துறை. அவர் அங்கே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தன் வாயால் சொல்ல ஏலாத ஒன்றை, நான் குழி வெட்டுவதாக நினைத்து எழுதிக் கொடுத்திருந்தேன்.

இது எனக்கு விளங்கியதும் மனம் இளகியது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. எனக்கு எரிந்தது. என் குழியும் அவருக்குப் பாதையாகிவிட்டது. தோளை ஒரு சின்ன அசைவு அசைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த எண்ணம் வரவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

கப்டன் கையைக் காட்டினார். நான் கேட்டேன். அவர் சொன்னார். நான் கன்னத்தைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. ஒரே வசனத்தை ஐந்து தரம் ஒரே முகத்தோடு சொன்ன ஒருவருக்கு முன்னால் ஐந்தாம் தரமும் தோற்க எனக்கு விருப்பமில்லை. என் நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

முதுகு அசையவில்லை. கப்டன் தொப்பியைக் கழற்றினார்.

சாக்குக் கட்டிய யன்னல்

சில மாதம் கழித்துப் படம் மூதூருக்கு வந்தது. இருட்டடிப்புச் சட்டம் இருந்ததால் இரவில் வெளியில் காட்டமுடியாது. பள்ளிக்கூட மண்டபத்து யன்னல்களுக்குச் சாக்குக் கட்டிப் பகலிலேயே காட்டினார்கள். உள்ளே சணல் நாற்றமும் வியர்வையும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

செய்தி எழுத நான் போனேன். தம்பிராசா வரவில்லை, வேலை இருக்கிறது என்றார். ஆனால் இலங்கைத்துறைக்குப் படத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பும்படி மீராசாகிபு காக்காவிடம் முதல் நாளே கேட்டிருந்தார். என்னிடம் சொன்னது, "கவனமாப் பாத்து எழுதும்" என்பது மட்டும்.

பூமணி மாட்டு வண்டியில் சொந்தக்காரப் பெண்களோடு வந்திருந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். தம்பிராசாவின் முகம் சுவர் அளவுக்கு வந்தது. வசனம் வந்தது. மண்டபம் அதிர்ந்தது. கிழவர்கள் தொடையில் அடித்துச் சிரித்தார்கள். பூமணி மட்டும் சிரிக்கவில்லை. வழக்கமாக வாயைப் பொத்தும் கை மடியிலேயே கிடந்தது.

சனம் கேட்டதால் இன்னொரு தரம் ஓட்டினார்கள். அதற்கும் அவர் எழும்பவில்லை. அது முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். படிக்கட்டில் நின்ற என்னிடம் நேரே வந்தார்.

"அண்ணை, ஒரு கதை. அது அவர் தானாச் சொன்னதோ, ஆரும் எழுதிக் குடுத்ததைச் சொன்னதோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வசனத்துக்கு மதிப்பில்லை. அவர் வண்டியில் ஏறி இலங்கைத்துறைக்குத் திரும்பிவிடுவார். உண்மையைச் சொல்லித் தம்பிராசாவைத் தோற்கடிக்கலாம், அதுவும் நேர்மையானவன் என்ற பெயரோடு. இப்படி ஒரு வாய்ப்பு பத்திரிகைக்காரனுக்கு அடிக்கடி வராது.

உண்மையைத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை இன்றுவரை பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

"எழுதிக் குடுத்தது. எழுதினது நான்."

பூமணி தலையாட்டினார். கோபம் இல்லை.

"முகத்தைப் பாத்தா ஒண்டும் விளங்காது அண்ணை. பொய் சொன்னாலும் அந்த முகந்தான், மெய் சொன்னாலும் அந்த முகந்தான். நீங்கள் கையைப் பாக்கேல்லையோ?"

"என்ன கை?"

"கொப்பியைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்." இப்போது அவருடைய கை மெல்ல எழும்பி வாய்க்குப் போனது. "எட்டு வருசத்தில நான் காணாதது. நித்திரையிலயும் அந்த மனிசன் கொப்பியை நேராத்தான் பிடிக்கும். எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கிறதெண்டா என்னத்துக்கு இப்பிடிப் பயப்படவேணும்?"

நான் உள்ளே போனேன். பிந்தி வந்தவர்களுக்காக மூன்றாம் தரம் ஓடிக்கொண்டிருந்தது. கொப்பியின் அட்டையில் அச்சடித்த அரச முடிச் சின்னம் தலைகீழாகத் தெரிந்தது. முடியின் கூர் நிலத்தைப் பார்த்தபடி.

ஐந்து தரமும் அந்தக் கொப்பிக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றவன் நான். அவர் முகத்தில் ஈ நடந்த பாதை எனக்கு இன்றும் பாடம். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையை விட்டுவிட்டேன். மேடையில் நின்ற என் கிரீடத்தில் மூன்றாவது கல் இல்லாததை இருட்டில் இருந்து பார்த்தவர் அவர். அவர் கொப்பி தலைகீழாக இருந்ததை நான் பார்க்கவில்லை.

திரையின் இடது ஓரத்தில் ஒரு முதுகு தெரிந்தது. நல்ல முதுகு. அது யாருடையது என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

லாஞ்சி

மறுநாள் காலை மூதூர் லாஞ்சியில் எனக்கு எதிரே தகரப் பெட்டியோடு பூமணி இருந்தார். குடாவைக் கடக்கும் வரை ஒன்றும் கதைக்கவில்லை. மீராசாகிபு காக்காவும் கதைக்கவில்லை. அவருக்கு அது பெரிய கஷ்டமாக இருந்திருக்கும்.

இறங்குதுறையில் தம்பிராசா மூட்டை எண்ணிக்கொண்டு நின்றார். லாஞ்சியைக் கண்டார். பெட்டியைக் கண்டார். பென்சில் நின்றது. முகம் அப்படியே இருந்தது.

பூமணி ஏறி வந்து பெட்டியைக் கீழே வைத்தார். தம்பிராசாவின் கையிலிருந்த கொப்பியை வாங்கினார். அது நேராகத்தான் இருந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி அவர் கையில் திரும்பக் கொடுத்தார்.

தம்பிராசா கொப்பியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் அசைந்தது. பிறகு மற்றப் பக்கம். பிறகு அவர் சிரித்தார். சத்தம் போட்டு, தோள் குலுங்க, காதிலிருந்த பென்சில் கீழே விழ. நான் அறிய அவர் சிரித்தது அன்றுதான். அதைப் பிடிக்க அங்கே கமரா இல்லை. மீராசாகிபு காக்கா சத்தம் கேட்கவேண்டும் என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

எனக்கு அப்போது மனைவி இல்லை. என் கையில் இருப்பது நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

நான் கடல் பக்கம் திரும்பி நின்றேன். முதுகைக் காட்டி நிற்பதில் எனக்குப் பயிற்சி இருந்தது. அன்றும் அது அசையவில்லை.